தேக்காவுக்குப் போகும் வழியில் சக்கரம் சொல்லும் சேதி

ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் வாழும் நமக்குச் சிங்கப்பூர் அயல்நாடுதான் என்றாலும், அந்நிய ஊர் அல்ல. தீபாவளி நெருங்கினால் புடவைக்கும் நகைக்கும் தேக்கா, நேர்த்திக்கடன் இருந்தால் காளியம்மன் கோயில், மாமன் மச்சான் வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவதொரு காரணம் நம்மை அங்கே இழுத்துக்கொண்டேயிருக்கும். நம் தாத்தா பாட்டி பஸ்ஸில் போனார்கள். இன்று லயத்து வாசலில் ஒரு பழைய கஞ்சிலோ சாகாவோ நிற்கிறது. பாட்டியை முன்னால் உட்கார வைத்து, பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டுவிடுகிறோம்.

வாசகர்களே, தேக்காவில் என்ன வாங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். போகிற வழியில் உங்கள் கார் உங்களிடம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். கார் பேசுமா என்று கேட்காதீர்கள். நேராக ஓடும்போது வாய்மூடிக் கிடக்கும் கார், ஸ்டீரிங்கைத் திருப்பியதும் பேச ஆரம்பித்துவிடும். ‘டக் டக்’ என்னும், ‘ஊங்’ என்னும், ‘கடக்’ என்னும். சிலர் உடனே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்கள். நோயைச் சொல்ல வந்தவன் வாயைப் பொத்துவது போன்ற காரியம் அது.

வளைவில் என்ன நடக்கிறது?

பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்கும் பிள்ளை மெல்ல நடந்தால் போதும். வெளி ஓரத்துப் பிள்ளை ஓடவேண்டும். கார்ச் சக்கரங்களும் அப்படித்தான். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார் ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 8 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும்.

அதோடு, வலது பக்கம் திரும்பினால் காரின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். இடது பக்கம் திரும்பினால் வலது சக்கரங்கள் மேல் சாயும். பஸ் வளையும்போது நாம் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வதில்லையா, அதே கணக்குத்தான். தேய்ந்த சாமான் மேல் பாரம் ஏறியவுடன் அது முனகுகிறது. எந்தப் பக்கம் திருப்பினால் முனகுகிறது என்பதைக் கவனித்தால், எந்தச் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

கடற்பாலம் தாண்டி

ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறையாகத் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் விழாக் காலத்தில் அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்! கார்கள் ஊர்ந்து நகரும் அந்த நேரத்தில் சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேளுங்கள். வரிசை மாற ஸ்டீரிங்கை நன்றாக ஒடிக்கும்போது ‘ம்ங்…’ என்று முன்பக்கம் முனகல் கேட்டால், பவர் ஸ்டீரிங் எண்ணெய் குறைந்திருக்கலாம். ‘கீச்’ என்று கத்தினால், அதை இயக்கும் பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ வழுக்குகிறது என்று பொருள். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவது எளிது. ஆனால் அது எங்கே ஒழுகிப் போயிற்று என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் கதை.

ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்து, அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். எண்ணெய்ப் பம்புக்கு அது பெரிய சுமை. புதிய மாதிரி கார்கள் பலவற்றில் மின்சாரத்தால் இயங்கும் ஸ்டீரிங் இருக்கிறது. அவற்றில் ஊற்ற எண்ணெயும் இல்லை, இந்த முனகலும் இல்லை.

உட்லண்ட்ஸைக் கடந்ததும் விரைவுச்சாலையில் போகலாம். அந்தக் காலத்தார் போன பழைய வழியும் இருக்கிறது: உட்லண்ட்ஸ் சாலை, மேல் புக்கிட் தீமா சாலை, பிறகு கால்வாய்க்கு ஒரு பக்கம் டனர்ன் சாலை, மறு பக்கம் புக்கிட் தீமா சாலை. நகரை நோக்கிப் போனால் நியூட்டன் சர்க்கஸ் என்னும் பெரிய வட்டச் சந்தி வரும். அதைச் சுற்றும்போது கார் வலப்பக்கமாக வளைந்துகொண்டே இருக்கும். பாரம் முழுவதும் இடது சக்கரங்கள் மேல் இருக்கும். நேர்ச் சாலையில் மெல்லிய ரீங்காரமாக இருந்த ஓசை அங்கே ‘ஊங்’ என்று பெருத்தால், இடது சக்கரத்து பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வலப்பக்க வளைவில் அடங்கி, இடப்பக்க வளைவில் பெருத்தால் வலது பேரிங். இந்த ஓசை வேகத்தோடு கூடும், வேகத்தோடு குறையும். எஞ்சின் சுற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதுபோல் இரையும் என்பதால், முதலில் டயரைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது.

தேக்காவின் பழைய சக்கரங்கள்

புக்கிட் தீமா சாலையின் முடிவில் இடப்பக்கம் திரும்பினால் சிராங்கூன் சாலை. முனையிலேயே தேக்கா சந்தை. மூங்கில் தோப்பின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது தேக்கா என்ற பெயர். இப்போதுள்ள கட்டடம் 1982இல் ஜூஜியாவ் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. மக்கள் வாயில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் மறுபடியும் தேக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே தெருப் பெயர்களைப் படித்தாலே பழைய வரலாறு தெரியும். ஒன்று பஃபலோ சாலை. பக்கத்திலேயே கெர்பாவ் சாலை. இரண்டுக்கும் பொருள் எருமைதான், ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வியாபாரம் செய்த பெலிலியோஸ் என்பவரின் பெயரிலும் ஒரு சாலை உண்டு. மாட்டுக் கொட்டில்களும் பட்டிகளும் நிறைந்திருந்த வட்டாரம் இது. மாடு இருந்த இடத்தில் வண்டியும் இருந்தது. கிரேத்தா ஆயர் என்று சீனர் பேட்டையில் ஓரிடம் இருக்கிறது. தண்ணீர் வண்டி என்று அதற்குப் பொருள். மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றிப்போன காலத்துப் பெயர் அது.

அந்தக் காலத்து வண்டிக்காரர் எந்தப் பள்ளியிலும் எஞ்சினியரிங் படிக்கவில்லை. ஆனால் சக்கரம் ‘கிறீச்’ என்றால் இறங்கி அச்சுக்கு மை போடத் தெரிந்திருந்தார். “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்று சொன்ன இனம் நம்முடையது. தேரோட்டத்தில் பாருங்கள், நேர்த் தெருவில் தேர் சுலபமாக உருளும். தெரு முனையில் திருப்பும்போதுதான் கட்டை போடுகிறவர் கண்ணும் காதும் சக்கரத்தின் மேலேயே இருக்கும். அச்சுக்குச் சோதனை திருப்பத்தில்தான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். இன்று காரின் கதவை மூடி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, அந்தக் காதை நாம் இழந்துவருகிறோம்.

டக் டக் டக்

சிராங்கூன் சாலை தேக்கா பகுதியில் ஒருவழிப் பாதை. கடையைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே திரும்பி வர முடியாது, சுற்றித்தான் வரவேண்டும். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். நம் நாட்டில் தடை செய்யும் பலகை இருந்தால்தான் ‘யூ’ திருப்பம் கூடாது. சிங்கப்பூரில் அனுமதிக்கும் பலகை இருந்தால்தான் ‘யூ’ திருப்பம் செய்யலாம். பலகை இல்லாத இடத்தில் திருப்பினால் அபராதம்.

பலகை உள்ள இடத்தில் ஸ்டீரிங்கை முழுதும் ஒடித்து எண்ணெய் மிதிக்கும்போது, முன்சக்கரத்துப் பக்கம் ‘டக் டக் டக்’ என்று ஓசை வந்து, வேகம் கூடக் கூட அதுவும் விரைந்தால், அது டிரைவ் ஷாப்ட் முனையில் இருக்கும் ஜாயிண்ட் தேய்ந்ததன் அடையாளம். நம் கஞ்சில், சாகா, மைவி எல்லாமே முன்சக்கரங்களால் இழுத்து ஓடும் கார்கள். இழுக்கவும் வேண்டும், இடம் வலம் திரும்பவும் வேண்டும் என்றால் ஒரே சக்கரத்துக்கு இரண்டு வேலை. அதற்காக உள்ளே ஒரு கிண்ணம் போன்ற கூட்டில், பள்ளங்களுக்குள் ஆறு எஃகுக் குண்டுகளை வைத்திருக்கிறார்கள். ஃபோர்டு கம்பெனிப் பொறியாளர் ஆல்ஃபிரெட் செப்பா 1920களில் உருவாக்கிய அமைப்பு இது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த மினி கார் இந்த வகை ஜாயிண்டைப் பயன்படுத்திப் புகழ் பெற்றது. அதன் பிறகு முன்சக்கர இழுவைக் கார்கள் உலகெங்கும் பெருகின.

அந்தக் குண்டுகளுக்கு உயிர் கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் காப்பது துருத்தி போல் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் உறை. நம் செம்மண் சாலைக் கற்களும் செம்பனை முள்ளும் அந்த உறைக்கு எமன். உறை கிழிந்தால் சக்கரம் சுழலச் சுழலக் கிரீஸ் தெறித்துவிடும், மண் புகும், குண்டுகள் தேயும், பிறகு ‘டக் டக்’ ஆரம்பிக்கும். எனவே சத்தம் வருமுன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். முன்சக்கரத்தின் உள்பக்கத்தில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். உறை கிழிந்த உடனே மாற்றினால் செலவு சிறிது. சத்தம் வந்தபின் ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கும். கிரீஸ் மட்டும் நிரப்பினால் தேய்ந்த இரும்பு வளராது.

மாடி ஏறும் வளைவு

சிங்கப்பூரில் நிலம் குறைவு. அதனால் கார்களையும் அடுக்குமாடியில்தான் நிறுத்துகிறார்கள். பம்பரம் போல் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் பாதைகள். அங்கே மழமழப்பான தரையில் டயர் ‘கிறீச் கிறீச்’ என்று கத்தும். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். அது காரின் கோளாறு அல்ல. வழவழப்பாகப் பூச்சுப் பூசிய தரையில், திரும்பும் டயர் கொஞ்சம் வழுக்கி உரசுவதால் வரும் ஓசை. புதுக் காரும் அங்கே கத்தும். வெளியே தார்ச் சாலைக்கு வந்ததும் நின்றுவிட்டால் மறந்துவிடுங்கள். தார்ச் சாலையிலும் தொடர்ந்து கத்தினால், டயரில் காற்று குறைவு அல்லது சக்கரங்களின் நேர்வரிசை கலைந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சுவர்களால் ஒரு நன்மை உண்டு. சுற்றிலும் சுவர் இருப்பதால் காரின் ஓசை எதிரொலித்து நம் காதுக்கே திரும்பி வரும். திறந்த சாலையில் கேட்காதது அங்கே கேட்கும். மெதுவாகத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி ‘டொய்ங்’ என்று விடுவிப்பது போல் கேட்டால், ஆப்சோர்பரின் மேல் முனையில் உள்ள பேரிங் இறுகியிருக்கலாம். முழுதும் ஒடித்தால் மட்டும் ‘சர்ர்’ என்று உரசினால், டயர் அளவு பெரிதாகிவிட்டதா, உள் மறைப்புத் தகடு தொங்குகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பின்பெட்டியைத் திறந்து பாருங்கள்! ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர்ப் புட்டி, உறவினருக்குக் கொண்டுபோகும் தேங்காய் இவை உருண்டு ‘கடகட’ என்று பண்ணும் சத்தத்துக்குப் பயந்து பட்டறைக்கு ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

பயப்பட வேண்டிய சத்தம்

எல்லாச் சத்தத்துக்கும் சிரித்துவிட்டுப் போக முடியாது. திருப்பும்போதும் குழியில் இறங்கும்போதும் ‘கடக்’ என்று ஒரு தட்டல். ஸ்டீரிங் பிடி விட்டாற்போல் ஒரு தளர்ச்சி. கார் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. இவை சேர்ந்து வந்தால் பால் ஜாயிண்ட் அல்லது டை ராட் முனை தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைக் காரோடு பிணைத்து, சொன்ன பக்கம் திருப்புவது இவைதான். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இது நடந்தது. நல்ல வேளையாகத் தோட்டத்து நுழைவாயிலில், கார் ஊர்ந்து திரும்பும்போது நடந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மூன்று வாரமாக அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம். “பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் அதே காரில் ஆறு பேர் நெடுஞ்சாலையில் போவதாக ஏற்பாடு. அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அங்கே பரிசோதனைக் கூடம், இங்கே நம் காது

சிங்கப்பூர்ச் சாலைகளில் லொடலொடக்கும் காரை நீங்கள் அதிகம் பார்க்க முடியாது. காரணம் பணம் மட்டுமல்ல. 1990ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அங்கே கார் வைத்திருக்க ஓர் உரிமைச் சான்றிதழ் வாங்கவேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் காரை அகற்றிவிட வேண்டும். அதோடு 3 ஆண்டு கடந்த கார்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறையும், 10 ஆண்டு கடந்தவை ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். தேக்காவுக்கு வடக்கே சின் மிங் பக்கம் போனால் பட்டறைகளும் பரிசோதனைக் கூடமும் ஒரே வட்டாரத்தில் இருப்பதைக் காணலாம். ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகள் இன்னும் இருக்கின்றன. பழைய சாமான்களுக்குப் பேர்போன சுங்கை சாலைச் சந்தையோ 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. 15, 20 ஆண்டுக் காரைக் கைமாற்றி வாங்கி ஓட்டுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைத்த காசில் வாங்கியது. ஆனால் அங்கே பரிசோதனைக் கூடம் செய்கிற வேலையை இங்கே நம் காதுதான் செய்ய வேண்டும். அந்த ஊரில் போய்ப் பழுதானால் செலவு சிங்கப்பூர் வெள்ளியில். நம் வெள்ளிக்கு அது மூன்று மடங்குக்கு மேல் என்பது உங்களுக்குத் தெரியாததா? விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப்போய் விடும். அதற்கு அப்பால் நம் பாடு.

மூன்று விளக்கு

சந்தியில் மூன்று நிற விளக்கு இருப்பதுபோல், சத்தங்களையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை: மழமழப்பான தரையில் மட்டும் டயர் கத்துவது, பின்பெட்டிச் சாமான் உருள்வது. பயணத்தைத் தொடரலாம்.

மஞ்சள்: திருப்பத்தில் ‘டக் டக்’, பவர் ஸ்டீரிங் முனகல், மெல்லிய பேரிங் ரீங்காரம். மெதுவாக வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த வாரமே பட்டறை. ‘டக் டக்’ முற்றினால் ஜாயிண்ட் உடைந்து கார் இழுக்காமல் நடுவழியில் நிற்கும்.

சிவப்பு: ‘கடக்’ என்ற தட்டலோடு ஸ்டீரிங் தளர்வது, இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை, பேரிங் இரைச்சலோடு சக்கரம் ஆடுவது. பத்திரமான ஓரத்தில் நிறுத்துங்கள். நல்ல நேரம், கெட்ட நேரம், கல்யாண வீடு எதுவும் இதற்கு முன்னால் நிற்காது.

பட்டறையில் பேசுவது எப்படி?

“காடியில் ஏதோ சத்தம்” என்று மட்டும் சொன்னால், தவுக்கே எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும், கூலி ஏறும். நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் திருப்பினால் வருகிறது? மெதுவாகப் போகும்போதா, வேகத்திலா? எண்ணெய் மிதித்தால் கூடுகிறதா, விட்டால் அடங்குகிறதா? சத்தம் தட்டலா, முனகலா, கீச்சா? முடிந்தால் பின்சீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லி, அதைப் போட்டுக் காட்டுங்கள். சாமான் மாற்றினால், கழற்றிய பழையதைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. நேர்மையான பட்டறைக்காரர் கோபிக்க மாட்டார்.

அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஓர் ஓய்வு நாளில், ஆள் இல்லாத திடலுக்குக் காரைக் கொண்டுபோங்கள். ரேடியோவை அணைத்து, சன்னல்களை இறக்கி, மெதுவாக வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம் அடியுங்கள். அப்பா ஓட்டட்டும், பின்னால் இரு ஓரத்திலும் ஆளுக்கொரு பிள்ளை உட்கார்ந்து கேட்கட்டும். இளங்காது கூர்மையான காது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, காசும் செலவில்லை. பிறகு அட்டை, அனுமதி, கடப்பிதழ் எல்லாம் சரிபார்த்துக்கொண்டு, தேக்காவுக்கு மகிழ்ச்சியாகப் புறப்படுங்கள்.